ஏழு மணி வகுப்புக்கு வந்தவர்

எங்கள் வீட்டில் கார் இருக்கிறது. ஆனால் அது எங்களுக்காக எங்கேயும் போனதில்லை. என் வீட்டுக்காரர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறார். இருப்பது ஒரே வண்டி. முன்னும் பின்னும் எல் போர்டு, ஓட்டுகிறவருக்குப் பக்கத்து சீட்டில் இன்னொரு கிளட்ச், இன்னொரு பிரேக். விடிந்ததிலிருந்து இருட்டும் வரை அது வகுப்பில் இருக்கும். ஆகவே மார்க்கெட்டுக்கானாலும் பல் டாக்டரிடமானாலும் அந்தப் பக்கம் போகிற வகுப்பாகப் பார்த்துப் பின்சீட்டில் ஏறிக்கொள்வதுதான் எங்கள் வழக்கம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பின்சீட்டில்தான் என் குடித்தனம். வண்டி குலுங்கினால் நான் பயப்பட மாட்டேன். குலுங்காமல் போனால்தான் என்ன ஆயிற்று என்று எட்டிப் பார்ப்பேன்.

முன்னறையில் சாலை விதிகள் சொல்லிக்கொடுப்பது நான். வண்டியில் கற்றுக்கொடுப்பது அவரும் எங்கள் மகளும். அவர் கத்துவார், அவள் கத்த மாட்டாள். அதனால் போன் செய்கிற பெண்களில் பாதிப் பேர் அவள் பெயரைச் சொல்லி, அவள்தான் வேண்டும் என்று கேட்பார்கள். அவருக்கு அதில் கொஞ்சம் வருத்தம், நிறையப் பெருமை.

மகள் உயிரியலில் பட்டம் வாங்கியவள். வாங்கிய பட்டத்தைச் சுவரில் மாட்டிவிட்டு எங்களுக்குக் கைகொடுக்க வந்தவள், வந்த இடத்திலேயே ஒரு ஆராய்ச்சியைத் தொடங்கிவிட்டாள். சாயங்காலம் கடைசி வகுப்பு முடிந்ததும் வண்டியின் முன்னால் குத்த வைத்து உட்கார்ந்து, பம்பரிலும் கண்ணாடியிலும் அடிபட்டு ஒட்டியிருக்கும் பூச்சிகளைப் படம் எடுப்பாள், இடுக்கியால் பிய்த்துச் சின்னச் சின்ன டப்பாவில் போடுவாள். மற்ற வண்டிகள் கண்ட நேரத்தில் கண்ட பக்கம் போகும். எங்கள் வண்டி ஒன்றுதான் தினமும் அதே தெருக்களில் அதே நேரத்தில் அதே ஆமை வேகத்தில் போகிறதாம். அதனால் ஊரில் பூச்சி குறைகிறதா கூடுகிறதா என்று இதை வைத்தே சொல்லிவிடலாமாம். நம் வண்டியில் வந்து அடிபடுகிற பூச்சிக்குச் சாகிற ஆசை முன்பே இருந்திருக்க வேண்டும் என்பார் அவள் அப்பா. பள்ளிக்கு ஆள் வராமல் நாங்கள் ஈ ஓட்டிக்கொண்டிருந்த மாதங்களில் அவள் அந்த ஈயையும் எண்ணிக்கொண்டிருந்தாள். என் ஃபிரிட்ஜில் தயிருக்குப் பக்கத்தில் வண்டுகள் வரிசையாகக் கிடக்கும். நான் போடாத சண்டை இல்லை.

அந்த எண்ணிக்கையை வைத்துத்தான் ஊரின் அந்தக் கோடியில் இருக்கும் பல்கலைக்கழகத்தில், பூச்சியியல் மேல்படிப்புக்கு விண்ணப்பித்தாள். வெகு சிலரைத்தான் எடுப்பார்கள். அவள் விண்ணப்பித்தது அந்த ஒரே இடத்தில். வேறு எங்காவதும் போட்டு வையேன் என்று நான் சொன்னதற்கு, அந்தப் படிப்பு அங்கே மட்டும்தான் இருக்கிறது, வேறு எதுவும் எனக்கு வேண்டாம் என்றாள். அவள் எதையும் அப்படி அடம்பிடித்துக் கேட்டு நான் பார்த்ததில்லை. சின்ன வயதில் பொம்மைக்குக்கூட அழாத பெண்.

விண்ணப்பம் போனது. அப்புறம் கிணற்றில் போட்ட கல்தான். சாப்பிடும்போது போனைப் பார்ப்பாள், பல் தேய்க்கும்போது பார்ப்பாள். நானும் சும்மா இருந்தேனா என்றால் அதுவும் இல்லை. கதவு தட்டினால் ஓடினேன், காக்கை கத்தினால் சந்தோஷப்பட்டேன். கடைசியில் ஒரு மின்னஞ்சல் வந்தது. முதல் சுற்றில் தேறிவிட்டாள், தேர்வுக் குழுவிலிருந்து ஒருவர் இந்த வாரம் போன் செய்து பேசுவார் என்று போட்டிருந்தது. வீடே ஒரு சுற்று பெரிதானது போல இருந்தது எனக்கு.

விண்ணப்பத்தில் அவள் கொடுத்திருந்தது பள்ளியின் நம்பரை. வகுப்பில் இருக்கும்போது மொபைலை அணைத்து வைப்பது அவளே போட்ட சட்டம். பள்ளி போனை எடுக்க எப்போதும் ஒரு ஆள் இருப்பார் என்பது அவள் கணக்கு. கணக்கு சரிதான். எடுக்கிற ஆள் யார் என்பதைத்தான் அவள் யோசிக்கவில்லை.

என் வீட்டுக்காரர் போன் எடுக்கும் அழகைச் சொல்லியாக வேண்டும். கார் ஓட்டக் கற்றுக்கொள்ள யாரும் முதல் ஆசையில் போன் செய்வதில்லை, பத்து வருடம் பயந்து தள்ளிப்போட்டுவிட்டு ஒரு நாள் துணிச்சல் வந்து செய்வார்கள் என்பது அவர் சித்தாந்தம். பேச விட்டால் அவர்களுடைய பயம் பேச ஆரம்பித்துவிடும், அப்புறம் ஆள் கிடைக்காது. அதனால் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் கிழமையும் நேரமும் குறித்துக் கொடுத்துவிடுவார். மறுபடி கூப்பிட்டு இழுத்தால், பின்வாங்காதீர்கள், தைரியமாக வாருங்கள் என்று சொல்லி வைத்துவிடுவார். எங்கள் பள்ளி இத்தனை வருடம் ஓடியது இந்த வித்தையால்தான் என்பதை நானும் மறுக்க மாட்டேன்.

அந்த வாரம் ஒவ்வொரு சாயங்காலமும் மகள் வண்டியிலிருந்து இறங்கியதும் முதல் கேள்வி, யாராவது கூப்பிட்டார்களா என்பதுதான். கற்றுக்கொள்ள வருகிறவர்கள்தான் கூப்பிட்டார்கள் என்று அவர் உண்மையையே சொன்னார், அவருக்குத் தெரிந்த உண்மையை. வெள்ளிக்கிழமையும் போனது. அன்று இரவு அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். எனக்கு அவளைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. அந்தக் குழுவில் இருக்கிறவர்கள் எல்லாரும் நாசமாய்ப் போகட்டும் என்று மனதுக்குள் சபித்தேன். வாய்விட்டும் கொஞ்சம் சபித்தேன்.

சனிக்கிழமை காலை ஏழு மணி வகுப்புக்கு ஒரு புதிய அம்மா வந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். கத்தரித்த நரைமுடி, தோளில் பச்சைத் துணிப்பை, இறுக்கிக் கட்டிய ஷூ. வண்டியில் ஏறாமல் முன்னால் போய்க் குனிந்து பம்பரையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு மார்க்கெட் போகவேண்டியிருந்ததால் நான் வழக்கம்போலப் பின்சீட்டில் இருந்தேன். ஓட்ட வந்தவர் வண்டியை மாட்டைப் பார்ப்பது போல் பார்க்கிறாரே என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் தெருவில் மூன்று முறை வண்டி அணைந்தது. அது எல்லாருக்கும் ஆவதுதான். ஆனால் இந்த அம்மாவுக்கு வாய் நிற்கவில்லை. கண்ணாடியில் இருக்கிற பூச்சியை யார் எண்ணுகிறார்கள் என்று கேட்டார். அப்புறம் சொல்கிறேன், கிளட்சை மெதுவாக விடுங்கள் என்றாள் மகள். மழை பெய்த மறுநாள் எண்ணிக்கை எப்படி இருக்கும் என்று கேட்டார். கையை ஸ்டியரிங்கில் வையுங்கள் என்றாள் மகள். ரவுண்டானாவை நெருங்கும்போது அந்த அம்மா மூக்குக்கண்ணாடியை ஒரு கையால் ஏற்றிவிட்டுக்கொண்டு, முழுசாக அவள் பக்கம் திரும்பி, இந்தப் படிப்பை ஏன் படிக்க ஆசைப்படுகிறீர்கள் என்று ஆரம்பித்தார். எதிரே ஒரு தண்ணீர் லாரி.

மகள் தன் பக்கத்து பிரேக்கை மிதித்த மிதியில் என் காய்கறிக் கூடை முன்சீட்டுக்குப் போய்விட்டது. லாரிக்காரர் எங்கள் பரம்பரையையே விசாரித்துவிட்டுப் போனார். யாரிடமும் கத்தாத என் மகள், அந்த வாரம் முழுக்க அடக்கி வைத்திருந்ததை எல்லாம் சேர்த்து அன்றைக்குக் கத்தினாள்.

"வாயை மூடிட்டு ரோட்டைப் பாருங்க! பேசணும்னா வீட்ல உக்காந்து பேசுங்க. எங்க அம்மா வேற பின்னாடி இருக்காங்க."

அந்த அம்மா சொல்லிக்கொடுத்தபடி வண்டியை ஓரம் கட்டினார். ஹாண்ட் பிரேக்கைப் போட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"வீட்ல உக்காந்துதாம்மா பேசப் பாத்தேன். திங்கக்கிழமை உங்க பேரைச் சொல்லிக் கேட்டேன். சனிக்கிழமை ஏழு மணின்னு சொல்லி வச்சுட்டாரு. மறுபடி ரெண்டு தடவ கூப்பிட்டேன். பின்வாங்காதீங்க, வாங்கன்னாரு. நான் பூச்சியியல் துறையில இருக்கேன். உங்க விண்ணப்பத்தைப் பத்திப் பேசறதுக்குத்தான் கூப்பிட்டேன்."

மகளின் காதுமடல் சிவந்துபோனது பின்னாலிருந்தே தெரிந்தது. அந்த அம்மாவோ கோபப்படவே இல்லை. சிரித்தார். எத்தனை வருடமாகத் தள்ளிப்போடுகிறீர்கள் என்று என் வீட்டுக்காரர் கேட்ட கேள்விக்குத் தன்னால் பொய் சொல்ல முடியவில்லை என்றார். முப்பது வருடமாகப் பயந்துகொண்டிருந்தவரை இவர் ஒரே மூச்சில் சேர்த்துவிட்டாராம். வந்தால் கற்றுக்கொண்டதும் ஆகும், மகளிடம் பேசியதும் ஆகும் என்று வந்தாராம்.

எனக்கு உயிர் திரும்பி வந்தது. அப்படியானால் இப்போதே பேசிவிடலாமே என்றேன். அங்கேதான் அவர் முகம் மாறியது. திட்டு வாங்கிய பிறகுதான் தனக்கு உறைத்தது என்றார். இப்போது இவள் எனக்குச் சொல்லிக்கொடுக்கிறவள், இனி நான் இவளைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது சரியில்லை, நடந்ததைக் குழுவில் சொல்லிவிட்டு இந்த ஒரு விண்ணப்பத்திலிருந்து ஒதுங்கிக்கொள்வேன் என்றார். இந்த வகுப்பே நடக்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாமே என்று நான் பின்சீட்டிலிருந்து பேரம் பேசிப் பார்த்தேன். நடந்துவிட்டதே, லாரிக்காரர்கூடப் பார்த்தாரே என்றார்.

"வேற யாராவது கூப்பிடுவாங்களா?" என்று கேட்டாள் மகள்.

"தெரியாதும்மா. கூப்பிடலாம். பேசாமலேயும் முடிவு பண்ணலாம்."

வீட்டுக்கு வந்ததும் மகள் அப்பாவிடம் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. நடந்ததை நாலு வாக்கியத்தில் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பல்கலைக்கழகத்துக்குத் தானே போன் செய்து விளக்குகிறேன் என்று எழுந்தவரை, நீங்கள் போனைத் தொட்டவரைக்கும் போதும் என்று நான்தான் உட்கார வைத்தேன். சொன்ன பிறகு, அவர் முகத்தைப் பார்த்து, சொல்லியிருக்க வேண்டாம் என்று இருந்தது.

அதற்குப் பிறகு அப்பாவுக்கும் மகளுக்கும் இடையில் வண்டிப் பேச்சு மட்டும்தான். டயரில் காற்று குறைவு, மூன்று மணிக்காரர் வரவில்லை, சாவி எங்கே. அவ்வளவுதான். மற்றதற்கெல்லாம் நான் தபால்காரி. அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லும்மா என்பாள், அவர் இரண்டடி தள்ளி உட்கார்ந்திருப்பார்.

அவரோ அடியோடு மாறிப்போனார். போன் வந்தால் வணக்கம் சொல்லிவிட்டு, எதிரில் இருப்பவர் முழுசாகப் பேசி முடிக்கும் வரை காதில் வைத்துக்கொண்டு உம் கொட்டினார். ஜனங்கள் பேசினார்கள். தங்கள் பயத்தைச் சொன்னார்கள், மாமியார் வண்டியைத் தொடவிடாததைச் சொன்னார்கள், சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்ததைச் சொன்னார்கள். மனபாரம் எல்லாம் இறங்கிய திருப்தியில் நன்றி சொல்லி வைத்துவிட்டார்கள். ஒருத்தரும் சேரவில்லை. மறுபடி ஈ ஓட்ட ஆரம்பித்தோம். ஆராய்ச்சிக்கு நல்லதுதானே என்று நான் சொன்ன ஜோக்குக்கு வீட்டில் யாரும் சிரிக்கவில்லை, நானே சிரித்துக்கொண்டேன்.

அந்த அம்மா மட்டும் சனிக்கிழமை தவறாமல் வந்தார். இனி வரமாட்டார் என்று நினைத்தேன், வந்தார். விண்ணப்பத்தைப் பற்றி அவர் மூச்சு விடவில்லை, மகளும் கேட்கவில்லை. கேட்கச் சொல்லி நான் பின்சீட்டிலிருந்து அவள் தோளைக் கிள்ளிய கிள்ளுக்கெல்லாம் பலன் இல்லை. அவர்களுக்குள் பேச்சு கிளட்சும் கியருமாகவே போனது. ஆனால் அவர் வண்டியை நேராக ஓட்டிய அன்று இருவரும் சேர்ந்து சிரித்த சிரிப்பைப் பார்த்து, இவர் இவளுக்கு வகுப்பு எடுத்தால் எப்படி இருக்கும் என்று எனக்கு ஏக்கமாக இருந்தது. பல்கலைக்கழகத்திலிருந்து யாரும் போன் செய்யவில்லை. குழு பேசாமலேயே முடிவு செய்யப்போகிறது என்பது மெல்ல மெல்ல உறுதியானது. இலவு காத்த கிளி என்று பக்கத்து வீட்டு அக்கா என் காதுபடச் சொன்னாள். நான் அவளுக்குக் காபிப்பொடி கடன் கொடுப்பதை நிறுத்தினேன்.

அந்த அம்மாவுக்குச் சமதரை வந்துவிட்டது, மேடு வரவில்லை. மேம்பாலத்தில் ஏறும்போது முன்வண்டி நின்றால் போச்சு, பின்னால் உருளுவார். அதற்காகவே ஒரு சனிக்கிழமை நெரிசலான நேரத்தில் மேம்பாலத்துக்குக் கூட்டிப்போனாள் மகள். நானும் இருந்தேன். அந்த நாட்களில் அவள் தன் சட்டத்தைக் கொஞ்சம் தளர்த்தி, மொபைலை அணைக்காமல் சத்தத்தை மட்டும் நிறுத்திப் பையோடு என் மடியில் வைத்துவிட்டுப் போவாள்.

பாலத்தின் பாதி ஏற்றத்தில் எல்லா வண்டிகளும் நின்றன. பின்னால் ஒட்டினாற்போல ஒரு பஸ். மகள் சன்னக் குரலில், பாதி கிளட்ச், அப்படியே பிடியுங்கள், மூச்சு விடுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த அம்மாவின் பின்கழுத்தில் வியர்வை ஓடியது. அப்போது என் மடியில் வெளிச்சம் வந்தது.

நான் அடுத்தவர் போனைப் பார்க்கிறவள் இல்லை என்று சொன்னால் நீங்கள் நம்பப் போவதில்லை. பார்த்தேன். பல்கலைக்கழகத்தின் பெயர், அதற்குக் கீழே முதல் வரி. உங்களைச் சேர்த்துக்கொள்வதில் மகிழ்ச்சி என்ற வரை தெரிந்தது. அதற்கு மேல் தேவையும் இல்லை.

கத்தியிருக்க வேண்டும். கத்தினால் முன்னால் இருக்கிறவர் கிளட்சை விடுவார், வண்டி பஸ்ஸின் மடியில் போய் உட்காரும். வாயைப் பொத்திக்கொண்டேன். ஊமை கண்ட கனவு என்பார்களே, அந்த ஊமையின் கஷ்டம் எனக்கு அன்றுதான் தெரிந்தது. முன்வண்டி ஒரு அடி நகர்ந்தது, நாங்கள் ஒரு அடி. மறுபடி நின்றது. என் பெண்ணின் கழுத்தையும் தோளையும் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவளுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். பெற்ற வயிறு குளிர்வது என்பது சும்மா சொல்கிற சொல் இல்லை. உள்ளே நிஜமாகவே ஏதோ குளிர்ந்து இறங்கியது.

வண்டி உருளாமல் உச்சியைத் தாண்டியது. அபாரம் என்று மகள் பாராட்டிவிட்டு, பின்னால் வரும் பஸ்ஸைப் பார்க்கத் தன் பக்கத்துக் குட்டிக் கண்ணாடியைப் பார்த்தாள். பஸ் தெரியவில்லை. நான் தெரிந்தேன். கண்ணிலும் மூக்கிலும் ஒழுக, முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவள் முகம் வெளுத்தது. ஆனால் என்ன பெண் அவள்! இண்டிகேட்டர் போடுங்கள், வேகத்தைக் குறையுங்கள், அந்த மரத்துக்கு முன்னால் ஓரம் கட்டுங்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, வண்டி நின்ற பிறகுதான் திரும்பினாள். நான் போனை நீட்டினேன். படித்தாள். மறுபடி படித்தாள். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

அந்த அம்மா ஸ்டியரிங்கை விடாமல் நேரே பார்த்துக்கொண்டே கேட்டார்: "என்கிட்ட அவங்க எதுவும் சொல்லல. நான் கேக்கவும் இல்ல. நல்ல சேதியா?"

"ஆமா மேடம். எடுத்துட்டாங்க."

அவர் இரண்டு கையையும் தூக்கித் தட்டினார். காலையும் எடுத்துவிட்டார் போலிருக்கிறது, வண்டி ஒரு குதி குதித்து அணைந்தது. யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. நான் முன்சீட்டுகளுக்கு இடையில் பாதி உடம்பை நுழைத்து இருவரையும் கட்டிப்பிடித்தேன். கியர் கம்பி என் விலாவில் குத்தியது.

உடனே வீட்டுக்குப் போன் போடு என்றேன். வேண்டாம், நேரில் சொல்லவேண்டும் என்றாள். அந்தப் பயணத்தைப் போல நீளமான பயணத்தை நான் போனதில்லை. எல்லா சிக்னலும் சிவப்பு. அந்த அம்மாவோ பயத்தையெல்லாம் மறந்து முதல் முறையாக மூன்றாவது கியருக்குப் போனார், நான் சீக்கிரம் சீக்கிரம் என்றேன், மகள் மெதுவாக மெதுவாக என்றாள்.

என் வீட்டுக்காரர் வாசலில் அடுத்த வகுப்புக்காகக் காத்திருந்தார். வகுப்பு முடிவதற்கு முன்பே வண்டி திரும்பியதைப் பார்த்ததும் ஓடி வந்தார். எங்கேயோ மோதிவிட்டோம் என்று நினைத்து முன்னால், பின்னால், கதவு என்று சுற்றிச் சுற்றித் தடவிப் பார்த்தார். மகள் இறங்கி அவர் முன்னால் போய் நின்றாள். வண்டிப் பேச்சுக்கு நிற்கிற தூரத்தைவிட இன்னும் பக்கத்தில்.

"அப்பா, எனக்கு இடம் கெடச்சிடுச்சு."

அவர் சிரிக்கவில்லை. அவள் முகத்தையே பார்த்தார். நாங்கள் எல்லாரும் அவர் ஏதாவது ஆரவாரம் செய்வார் என்று பார்த்துக்கொண்டிருக்க, அவர் சின்னக் குரலில் கேட்டார்.

"அப்ப, என்னால ஒண்ணும் கெட்டுப்போயிடலல்ல?"

இத்தனை வாரமாக அந்த மனிதர் இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு எப்படிச் சாப்பிட்டார், எப்படித் தூங்கினார் என்று எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் படுத்திருந்த எனக்கே தெரியவில்லை.

"ஒண்ணும் கெடலப்பா" என்றாள் மகள். அவர் நம்பாமல் இன்னொரு முறை கேட்டார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு இன்னொரு முறை சொன்னாள்.